பச்சை விளக்குக்காக மாடி ஏறிய சித்தி

என் சித்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் தெருவில் பதித்திருக்கும் இரும்பு மூடிகளைப் படம் எடுக்கிறாள். ஆட்களை அல்ல, கட்டடங்களை அல்ல, மூடிகளை.

சிரித்து முடித்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்வேன். ஒவ்வொரு தெருவுக்கு அடியிலும் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அங்கங்கே அதைத் திறந்து மூட வால்வு இருக்கிறது. வால்வுக்கு மேலே ஒரு இரும்பு மூடி. தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போது மூடிகள் எல்லாம் தாருக்கு அடியில் போய்விடும். பிறகு தண்ணீர்த் துறைக்காரர்கள் வந்து, மூடி இருக்கும் இடத்தில் மட்டும் தாரை வெட்டி, மூடியை மேலே தூக்கி வைப்பார்கள். ஆனால் எங்கே வெட்டுவது? கறுப்பாக, சமமாக, பளபளவென்று இருக்கும் தெருவில் மூடி எங்கே என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் சித்தி. தார் விழுவதற்கு முன்னால் ஒவ்வொரு மூடியையும் அவள் படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்துக்குள்ளேயே அது பூமியில் எந்த இடம் என்பதும் பதிவாகியிருக்க வேண்டும்.

இடத்தைப் பதிவது கேமரா இல்லை. கேமராவின் தலையில் உட்காரும் ஒரு ஜி.பி.எஸ். டப்பா. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதிலிருந்து ஒரு சுருள் வயர் கேமராவின் பக்கவாட்டுக்குப் போகும். மேலே ஒரு சின்ன விளக்கு. சிவப்பு என்றால் வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சை என்றால் கிடைத்துவிட்டது, எடுக்கலாம்.

எங்கள் வீட்டில் அந்த டப்பாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தது சித்தப்பா. "தலைக்கு மேல தூக்கி வெச்சிக்கணும், எது பண்ணாலும் முறுக்கிக்கும், சும்மா உக்காந்துக்கிட்டே நம்ம சோத்தைத் தின்னும். வேற என்ன பேரு வெக்கிறது?" என்றார். சோறு என்று அவர் சொன்னது பேட்டரியை. டப்பாவுக்குத் தனியாகப் பேட்டரி கிடையாது, கேமராவினுடையதைத்தான் உறிஞ்சும். காலையில் முழுதாக ஏற்றிக்கொண்டு போன பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும்.

அது மட்டுமா? பிளாஷ் மாட்டும் இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதால் பிளாஷ் போட முடியாது. இருட்டான மூலையில் மூடி இருந்தால் சித்தி செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுப்பாள். வயர் போகிற வருகிற சைக்கிள் கைப்பிடியில் எல்லாம் மாட்டும். டப்பாவை இறுக்கும் திருகு இரண்டே மாதத்தில் லொடலொடவென்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, கேமராவைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது தூங்கப் போய்விடும், கூடவே மாப்பிள்ளையும் தூங்கிவிடுவார். எழுப்பினால் மறுபடி சிவப்பு. மறுபடி தேடல். தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் படம் எடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்து, வீட்டில் கரண்டியைப் பிடித்தால்கூடச் சித்தியின் ஆள்காட்டி விரல் பாதி மடங்கியே நிற்கும்.

"இவ்வளவு பாடு எதுக்கு? போன்லயே எடுக்கலாமே?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒப்பந்தத்தில் இந்தக் கேமரா, இந்த டப்பா என்று எழுதியிருக்கிறார்கள். வேறு எதில் எடுத்த படத்தையும் அலுவலகக் கம்ப்யூட்டர் வாங்காது. சித்தி கேட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆனாலும் அந்த வேலையைச் சித்தி எவ்வளவு ஆசையாகச் செய்தாள் தெரியுமா? அதற்கு முன் அவள் ஒரு ஸ்டூடியோவில், ஜன்னலே இல்லாத அறையில், பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லும் வேலை. அடுத்தவரைச் சிரிக்காதே என்று சொல்லிச் சொல்லித் தனக்கும் சிரிப்பு மறந்துவிட்டது என்பாள். இப்போது காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு தெரு விடாமல் நடப்பாள். எந்தத் தெருவில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் மோராகவே கொடுப்பார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நான் தப்பித்து வந்து சித்தி வீட்டில் இருந்தேன். அப்போதுதான் அந்தச் சந்து விவகாரம் வெடித்தது.

அது நீளமான, குறுகலான சந்து. இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும். அந்த ரிப்பனை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையால் ஒன்றும் பண்ண முடியவில்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சித்தி ஒரு உபாயம் செய்தாள். சந்துக்கு வெளியே திறந்த வெளியில் நின்று விளக்கைப் பச்சையாக்கிக்கொண்டாள். பொத்தானைப் பாதி அழுத்தியபடியே சந்துக்குள் ஓடினாள். பச்சை அணையவில்லை! மூடி மூடியாக எடுத்துத் தள்ளிவிட்டு, வெற்றி வீராங்கனையைப் போல வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் வரைபடம். சந்து காலியாகக் கிடந்தது. சந்து முனையில் மட்டும் ஒரே ஒரு புள்ளி.

"மேடம், சந்துல உள்ள எல்லா மூடியும் இந்த ஒரு புள்ளியில இருக்கு. என்ன இது, தட்டு கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்காங்களா?"

சித்திக்கு முகம் செத்துவிட்டது. நடந்தது இதுதான். வானத்தோடு தொடர்பு அறுந்த பிறகும் மாப்பிள்ளை கடைசியாகத் தெரிந்த இடத்தையே பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு அதையே உண்மை போலச் சொல்லிக்கொண்டிருப்பார். விளக்கும் பச்சையாகவே எரியும். சந்து முழுக்க அவள் எடுத்த படங்களில் எல்லாம் சந்து முனையின் முகவரிதான் ஏறியிருந்தது.

"போன தடவை மேப்புல ஏரிக்குள்ள ரெண்டு மூடி போட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் சூப்பர்வைசர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. "நாளைக்குக் காலையில அங்க தார் போடுறாங்க. அதுக்கு முன்னாடி சரியா எடுத்துக் குடுங்க. இல்லன்னா அடுத்த மாசத்துல இருந்து வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க. என் கையில இல்ல."

வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சித்தி கண்ணில் பட்ட ஒவ்வொரு மூடியையும் ஒரு மிதி மிதித்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் ரொம்ப நேரமாக வரவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். துணி கொடியிலேயே இருந்தது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கேமராவை மடியில் வைத்து, டப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு என்ன குறை வெச்சேன்? சொல்லு. வெயில் படாம துணி போட்டு மூடினேனா இல்லையா?" கடுப்பில் கேமராவிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினாள். மறுபடி போட்டாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சை!

சித்தி டப்பாவைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே முழு வானம், மறைக்க ஒன்றுமே இல்லை. மறுபடி பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். மறுபடியும் பத்து எண்ணுவதற்குள் பச்சை. இந்த முறை பழைய நினைப்பில் வந்த பச்சை இல்லை, சுத்தமான பச்சை. பிறகு மெல்ல எழுந்து சுவருக்கு வெளியே எட்டி, கீழே வாசலுக்கு முன்னால் தெருவில் இருந்த மூடியைப் பார்த்தாள்.

"ஏங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். "ஓடிப் போய் வாசல்ல நில்லுங்க!"

அன்று வார லீவு என்பதால் உள்ளே டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா ஈரக் கையோடு வெளியே ஓடி வந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"மூடி மேல நில்லுங்க! அங்க இல்ல, இந்தப் பக்கம்! ஆங், உங்க வழுக்கை நல்லாத் தெரியுது! இப்போ தள்ளுங்க!"

அவர் தள்ளி நின்றார். சித்தி கையை வெளியே நீட்டி, நேர் கீழே பார்த்து, க்ளிக் செய்தாள். மேலிருந்து பார்த்தால் தூசி படிந்த மூடியும் தூசி படிந்த தெருவும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. சித்தப்பாவின் தலைதான் இடத்தைக் காட்டியது. சித்தி என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். "சந்து வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு! ஒரு மாடி ஏறினாப் போதும், அப்படியே மாடி மாடியாத் தாண்டிடலாம்! ஓரத்துல நின்னு எடுத்தா மூடிக்கும் நமக்கும் ரெண்டு எட்டுதான் வித்தியாசம் வரும்!"

மறுநாள் காலையில் நாங்கள் போவதற்கு முன்பே தார்க்காரர்கள் வந்துவிட்டார்கள். சந்து முனையில் லாரி புகைந்துகொண்டிருந்தது. ரோலர் உறுமியது. முனையில் இருந்த வீட்டின் கீழ்க்கடை பூட்டியிருந்ததால் அந்தப் பக்கம் மாடிக்கு வழி இல்லை. நாங்கள் சந்தின் அடுத்த கோடிக்கு ஓடினோம். ஆக, தார் அந்தப் பக்கத்திலிருந்து வரும், சித்தி இந்தப் பக்கத்திலிருந்து வருவாள். யார் முந்துவது என்று பார்க்கத்தான் வேண்டும்.

கோடி வீட்டு அம்மா கதவைத் திறந்து, தொப்பியோடு நின்ற சித்தியைப் பார்த்து, "ஓட்டா?" என்றாள்.

"இல்லம்மா, மூடி!"

"மூடியா? எங்க வீட்டு மூடி எல்லாம் சரியாத்தான் இருக்கு."

விளக்கிச் சொல்லி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி நின்றபோது மாப்பிள்ளை டக்கென்று பச்சையைக் காட்டினார். கீழே சித்தப்பா தயாராக இருந்தார். பாட்டில் ஆலையில் அவருக்கு அந்த மாதம் மதிய ஷிப்ட், அடுத்த மாதம் காலை ஷிப்ட். காலையில் காற்றாட நடந்து வரலாம் என்று சித்தி அழைத்து வந்திருந்தாள், அவ்வளவுதான்.

"நில்லுங்க!"

"நின்னாச்சு!"

"தள்ளுங்க!"

க்ளிக். அடுத்த மாடி. இடுப்பளவு சுவரைத் தாண்ட வேண்டும். சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டினாள். பின்னால் நான். நனைந்த போர்வைகள் முகத்தில் அடித்தன. ஒரு மாடியில் ஒருவர் தலைகீழாக நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். சித்தியைத் தலைகீழாகவே பார்த்து, "யாரு?" என்றார். "நீங்க பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டினாள். ஒவ்வொரு மாடியிலும் கேமராவை அணைத்துப் போட்டாள், முந்தின மாடியின் நினைப்பு மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று. நாலாவது வீடு வருவதற்குள் சந்துப் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறகு அவர்களே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "நில்லுங்க மாமா! தள்ளுங்க மாமா!" சித்தப்பா அணிவகுப்பில் நடப்பவர் போல மூடிக்கு மூடி போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு மூடி மிச்சம். அதுதான் பெரியது, சந்து முழுவதுக்கும் தண்ணீரை நிறுத்துகிற வால்வு. அது தாருக்குப் பக்கத்தில், சந்து முனைக்கு முந்தின வீட்டுக்கு நேர் கீழே இருந்தது. எங்களுக்கும் அந்த மாடிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அதில் ஒரு கம்பிக் கதவு. கதவில் பூட்டு. பூட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஈசிச் சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் வக்கீல் என்பது பேசிய முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"அத்துமீறி நுழைஞ்சா கேஸ் போடுவேன்."

"போடுங்க சார். கதவைத் திறந்துட்டுப் போடுங்க."

"எந்த அதிகாரத்துல கேக்கறீங்க? எழுத்துப்பூர்வமா ஏதாவது இருக்கா?"

கீழே ரோலரின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். சித்தப்பா பெரிய மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தார் மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், எழுந்திரிங்க. தார் ஆறிடுச்சுன்னா ஒட்டாது."

"மேல இருந்து தள்ளுங்கன்னு சொல்லட்டும். எழுந்திரிக்கிறேன்."

"யாரு சொல்லணும்?"

"என் வீட்டுக்காரி."

"சார், நானும் கல்யாணம் ஆனவன்தான். அதுக்காக நடு ரோட்டுல உக்கார முடியுமா? உங்களையும் சேத்து ரோடு போட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்கங்க."

"போடுங்க. என்னையும் சேத்து அவ படம் எடுத்துப்பா."

வீட்டில் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர் அவர். ரோலரின் இரும்பு உருளை அவருக்கு நாலு எட்டு தள்ளி நின்றது. சித்தி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வக்கீலிடம், "சார், கீழ என் வீட்டுக்காரர் ரோலருக்கு முன்னாடி உக்காந்திருக்கார் சார்!" என்றாள்.

வக்கீல் பேப்பரைத் தாழ்த்தினார். "உக்காந்திருக்காரா? ரோட்டிலயா? மறியலா?"

"ஆமா சார், மறியல்தான்!"

இப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த வக்கீல் முகத்திலும் பார்த்ததில்லை. அவர் சேரை விட்டுத் துள்ளி எழுந்து கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். எட்டிப் பார்த்தார். "அட, நிஜமாவே உக்காந்திருக்காரே! அசையவே இல்லையே மனுஷன்!" பிறகு நினைவு வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எங்கள் பக்கம் வந்தார். "வாங்க, வாங்க. இங்க இருந்து நல்லாத் தெரியுது."

சித்தி உள்ளே பாய்ந்தாள். கேமராவை அணைத்துப் போட்டாள். சிவப்பு. ஒன்று, இரண்டு என்று நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பச்சை! அவள் சுவருக்கு வெளியே குனிந்தாள். குனிந்த வேகத்தில் அந்த லொடலொடத் திருகு விட்டுவிட்டது. மாப்பிள்ளை கேமராவின் தலையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தார். மூன்று மாடி உயரத்தில், சுருள் வயரின் நுனியில், ஸ்பிரிங் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டு தொங்கினார்.

"ஐயோ!" என்றேன் நான். சந்தே "ஐயோ!" என்றது.

சித்தி மட்டும் விளக்கையே பார்த்தாள். தொங்கியபடியே அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் டப்பாவை இழுக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "ஏங்க, தள்ளுங்க!" என்று கத்தினாள்.

சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "கால் மரத்துப் போச்சு!"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் இரண்டு ஆட்களுமாகச் சித்தப்பாவைச் சம்மணம் கலையாமல் அப்படியே தூக்கி ஓரத்தில் வைத்தார்கள், சிலையை நகர்த்துவது மாதிரி. க்ளிக்! இன்னொரு க்ளிக், நிச்சயத்துக்கு. "போடுங்க மேஸ்திரி!" என்று சித்தி கத்தியதும் சந்தே கை தட்டியது. வக்கீலும் தட்டினார்.

அன்று மத்தியானமே படங்களைக் கொண்டு போய்க் கொடுத்தாள். சூப்பர்வைசர் திரையில் போட்டுப் பார்த்தார். சந்து நெடுக, ஒரு ஓரமாக, பாசிமணி கோத்தது போலப் புள்ளிகள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு இன்னும் எதையோ திறந்து பார்த்தார். புருவம் மேலே போனது.

"மேடம், இடம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா உயரம்னு ஒண்ணு பதிவாகுதே, அதைப் பாத்தீங்களா?"

"உயரமா?"

"எல்லா மூடியும் மூணாவது மாடியில இருக்கு. தண்ணி என்ன, மேகத்துல இருந்து நேரா குழாய்க்கு வருதா?"

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தலைகீழாக நின்ற மனிதர் உட்பட. எல்லாப் புள்ளியும் இரண்டு எட்டு வீட்டுப் பக்கமாக விழுந்திருக்கும் என்பதையும் சொன்னாள். சூப்பர்வைசர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். "மூடி கிடைச்சா வேலை உங்களுது. கிடைக்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அடுத்த வாரம் வெட்டினார்கள். அதற்குள் சித்தி சாப்பிட்டாளா என்பதே எனக்குச் சந்தேகம். பெரிய மூடியில்தான் ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் துறை ஆட்கள் புள்ளி காட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். வக்கீல் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. சித்தி முன்னால் வந்து, சுவரிலிருந்து சந்துக்குள் இரண்டு எட்டு வைத்து, "இங்க" என்று காலால் காட்டினாள். தொழிலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

கடப்பாரை தாரில் இறங்கியது. மொத்தென்று ஒரு சத்தம். மறுபடி மொத்து. சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு. கொஞ்சம் தள்ளி இறக்கினார்கள்.

டங்!

இரும்பு! யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. மேலே மாடிகளில் இருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். சித்தி சிரித்தாள், ஸ்டூடியோவில் சேர்த்து வைத்த சிரிப்பு மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது போல.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்தது மார்க்கெட் தெரு மேடம். அங்க ரெண்டு பக்கமும் அஞ்சு மாடி."

"அஞ்சா?" என்ற சித்தி சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அடுத்த மாசம் உங்க ஷிப்டைக் கொஞ்சம் மாத்திக்க முடியுமா?"